கோபுரத்தைத் தட்டிப் பார்த்தவர்

எந்தப் பொருளையும் பார்த்த மாத்திரத்தில் நம்பிய பாவம் டொக்கண்ணனுக்குக் கிடையாது. கதவோ, கண்ணாடி டம்ளரோ, விமானமோ, பிள்ளையாரோ, எதுவாக இருந்தாலும் வலது கை நடுவிரலை மடக்கி, முட்டியால் இரண்டு தட்டு தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். உள்ளேயிருந்து வரும் பதில் திருப்தியாக இருந்தால்தான் அந்தப் பொருள் உலகத்தில் இருக்கிறது என்று ஒத்துக்கொள்வார். இல்லாவிட்டால் உதட்டைப் பிதுக்கி, "டொக்கு" என்று ஒரே சொல்லில் அதன் ஆயுளை முடித்துவைப்பார்.

மலையை உடைத்து, அரைத்து, சுட்டு, மெருகேற்றி, உலகத்துக் குளியலறைகளுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கும் அமீரகத்து ஊர் ராஸ் அல் கைமா. அங்கே காற்றில் பாதி மலைதான். காலையில் துவைத்துக் காயப்போட்ட சட்டை மாலையில் மாவு பூசிய அப்பளம்போல விறைத்து நிற்கும். நாங்கள் வேலை பார்த்த டைல்ஸ் கம்பெனியில், சூளையிலிருந்து வெளியே வரும் ஓடுகளில் சிலவற்றில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒன்பது பேர் வரிசையாக நின்று, கன்வேயர் பட்டையில் நகர்ந்துவரும் ஓடுகளைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். நல்ல ஓடு 'டிங்' என்னும். விரிசல் விட்டது 'டொக்' என்னும். அந்த ஒன்பது பேரில் மூத்தவர் இவர். விருத்தாசலத்துக்காரர். இருபத்திரண்டு வருடமாகத் தட்டிக்கொண்டிருந்தார். பாஸ்போர்ட்டில் அவருக்கு வேறொரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

நான் அதே கம்பெனி அலுவலகத்தில் கப்பல் காகிதங்களும் லீவு படிவங்களும் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். என் மேஜைக்கு லீவு கேட்டு வரும்போதெல்லாம் முதலில் மேஜையைத் தட்டிப் பார்ப்பார். "பலகை இல்ல தம்பி. மரத்தூள ஒட்டி ஏமாத்தியிருக்கான்" என்பார். பிறகுதான் லீவு.

வெள்ளிக்கிழமைகளில் அவரைக் கூட்டிக்கொண்டு தர்பூசணி வாங்கப் போவது எங்கள் தொழிலாளர் கேம்ப்பில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. கீழக்கரைக்காரர் ஒருவரின் மளிகைக் கடை. டொக்கண்ணன் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பழமாகத் தட்டி இரண்டு பக்கமாகப் பிரித்துவைப்பார். பின்னால் குடும்பத்தோடு வந்தவர்களெல்லாம் அவர் வலது பக்கம் வைப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்கள். இடது பக்கக் குவியல் அடுத்த வெள்ளிவரை அழுகும். ஒருநாள் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "அண்ணே, ஒங்களுக்கு வாராவாரம் ஒரு பழம் சும்மாவே தந்துர்றேன். மத்தத மட்டும் தொடாம போயிருங்க."

டொக்கண்ணன் அந்த இலவசப் பழத்தைத் தட்டிப் பார்த்து, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார்.

மேனேஜர் புது வில்லா கட்டிக் குடிபோனபோது பழைய ஆட்கள் என்று பத்துப் பேரைச் சாப்பிடக் கூப்பிட்டார். கை கழுவப்போன டொக்கண்ணன் அரைமணி நேரமாகத் திரும்பவில்லை. போய்ப் பார்த்தால் குளியலறைச் சுவரைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டிருக்கிறார். "உள்ள காலி. சிமெண்டு புடிக்கல. ஆறு மாசத்துல இந்தச் செவுரு ஒக்காந்துடும்" என்று மேனேஜரிடமே சொன்னார். மேனேஜர் சிரித்தார். நாலாம் மாதம், அவர் முகத்தில் சோப்புப் போட்டிருந்த நேரம் பார்த்துச் சுவர் உட்கார்ந்தது. அதிலிருந்து அவருக்கு டொக்கண்ணன்மேல் பயங்கர மரியாதை. அந்த ஊரில் மரியாதை ஒன்றுதான் செலவில்லாமல் கொடுக்க முடிகிற பொருள் என்பதால் அதைத் தாராளமாகவே கொடுத்தார். வேறு எதையும் கொடுக்கவில்லை.

கேம்ப்புக்குப் புதிதாக வருகிறவர்களின் தலையிலும் இரண்டு தட்டு விழும். என் தலையைத் தட்டிவிட்டு அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "உள்ள ஆள் இருக்குது. ஆனா வாடகைக்கு."

மேனேஜரின் அந்த மரியாதைதான் கடைசியில் டொக்கண்ணனைச் சீனாவுக்கு அனுப்பியது.

கம்பெனி ஒரு புது மிஷின் வாங்க முடிவு செய்தது. ரப்பர் முனை வைத்த எட்டுச் சின்னச் சுத்தியல்கள், பக்கத்தில் எட்டு மைக். ஓடு நகரும்போதே தட்டி, கேட்டு, விரிசல் இருந்தால் தள்ளிவிடும். சாப்பிடாது, லீவு கேட்காது. சீனாவில் செய்கிறார்கள். அனுப்புவதற்கு முன் நம் ஆள் ஒருவர் போய்ச் சோதித்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். மேனேஜர் டொக்கண்ணனைக் கூப்பிட்டு, தோளில் கைபோட்டு, "உன் காதைவிட நல்ல காது இந்தக் கம்பெனியில் இல்லை. நீ சரி என்றால்தான் வாங்குவேன்" என்றார். மொழிபெயர்த்துச் சொன்னவன் நான். துணைக்குப் போகிற ஆளும் நான்தான்.

மிஷின் தேறினால் ஒன்பது பேரின் விசாவும் ரத்து. மேனேஜர் இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. டொக்கண்ணனுக்கு வயது ஐம்பத்துமூன்று. சின்ன மகள் நர்சிங் முடிக்க இரண்டு வருடம் பாக்கி. "இன்னும் ரெண்டே வருசம் தம்பி, அப்பறம் இந்த மலைய அவனுங்களே தின்னட்டும்" என்று அடிக்கடி சொல்லிக்கொண்டிருப்பார்.

கிளம்புவதற்கு முதல் நாள் அவர் ரூமில் கூட்டம். வரிசையில் அவருக்கு அடுத்து நிற்கிற அரியலூர் செல்வம் நேராகவே ஆரம்பித்தார்.

"அண்ணே, மிஷினு தேறிச்சின்னா ஒன்பது பேருக்கும் கலாஸ். ஒனக்கும் சேத்துத்தான்."

"தெரியும்டா."

"அப்ப டொக்குன்னு சொல்லிட்டு வந்துடு."

"டொக்கா இருந்தா டொக்கும்பன்."

"இல்லன்னா?"

"இல்லன்னா என்னாடா இல்லன்னா. இரும்புக்குக் காது எங்கேருந்து மொளைக்கும்? கண்டிப்பா டொக்காத்தான் இருக்கும்."

அதை அவர் நம்பித்தான் சொன்னார். ரூமில் இருந்த எட்டுப் பேரும் அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டார்கள்.

சீன விசாவுக்கு அவர் காகிதங்களைக் கொண்டுபோனபோது ஒரு சிக்கல் வந்தது. அமீரக விசாவில் அவர் தொழில் 'ஹெல்பர்' என்று இருந்தது. மிஷினைச் சோதிக்க ஒரு ஹெல்பர் எதற்குப் போகிறார் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. இருபத்திரண்டு வருடத்தில் கம்பெனி தன்னைத்தானே கேட்டுக்கொள்ளாத கேள்வி. உடனே ஒரு கடிதம் தயாரானது. 'முதுநிலை ஒலிப் பரிசோதகர்' என்று ஆங்கிலத்தில் நானே தட்டச்சு செய்தேன். விசிட்டிங் கார்டுகூட அடித்துக் கொடுத்தார்கள்.

"இன்னொரு வாட்டி படி தம்பி" என்றார். படித்தேன். இன்னொரு வாட்டி என்றார். மூன்றாவது முறை படித்து முடித்ததும் கேட்டார்.

"இது எத்தினி நாளைக்கு?"

"விசா முடியிற வரைக்கும்ணே. பதினஞ்சு நாள்."

"போதும். அதுக்கு மேல நம்ம ஒடம்பு தாங்காது."

விமானத்தில் ஜன்னலைத் தட்டினார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்துப் பணிப்பெண் ஒரு டம்ளர் கொண்டுவந்தாள். நன்றி சொல்லிக் குடித்துவிட்டு, முன்சீட்டு முதுகைத் தட்டினார். இன்னொரு டம்ளர். சீனாவில் இறங்கும்போது பதினொரு டம்ளர் குடித்திருந்தார். விமானத்தைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்டேன். "பேசாம வா" என்றார்.

வளைகுடாவில் பத்து வருடம் தள்ளிவிட்டால் நம் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை இறுகிப்போகும். தமிழ் தெரியாதவனுக்கு இந்தி தெரிந்தே ஆக வேண்டும் என்பது. மிஷின் கம்பெனியின் பொறியாளர் ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் ஐந்து பேனா. ஆங்கிலத்தில் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டார். டொக்கண்ணன் அந்தப் பெயரை வாங்கிக்கொள்ளாமல், "அச்சா பாய்" என்று கார்டை நீட்டினார். அன்றிலிருந்து அவர் இந்தியும் அரபியும் கலந்து பேச, பொறியாளர் சீனத்தில் பதில் சொல்ல, இரண்டு பேரும் என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

சோதனை இப்படி. ராஸ் அல் கைமாவிலேயே டொக்கண்ணன் நூறு ஓடுகளைத் தட்டிப் பொறுக்கி, எண்பது நல்லது, இருபது விரிசல் என்று முதுகில் பென்சிலால் குறிபோட்டு, பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்பியிருந்தார். மிஷின் அந்த இருபதை மட்டும் தள்ள வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

பெட்டியைத் திறந்து ஓடுகளை ஏற்றினார்கள். எதைக் கண்டாலும் தட்டுகிறவர் அன்றைக்கு மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "நீங்க ஒரு தடவ தட்டிப் பாக்கலியா?" என்றேன்.

"அங்கயே தட்டிக் குறி போட்டாச்சு. ஒருத்தன ரெண்டு தடவ விசாரிக்கிறது அசிங்கம்."

சுத்தியல்கள் மழைபோலப் பெய்து ஓய்ந்தன. மிஷின் ஐம்பத்தொரு ஓடுகளைத் தள்ளியிருந்தது. விரிசல் விட்ட இருபதோடு, நல்ல ஓடு முப்பத்தொன்றும் சேர்த்து. பொறியாளர் முகம் சுண்டிப்போய்விட்டது. ஐந்து பேனாவையும் ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பச் சொருகினார். டொக்கண்ணன் அவர் முதுகைத் தட்டினார். ஆறுதலாகத்தான். "கோயி பாத் நஹி பாய். இரும்பு தானே."

செய்தியைக் கேம்ப்புக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் செல்வத்தின் குரல் பதிவு வந்தது. "அண்ணே, நீ தெய்வம். இங்க சேமியா பாயசம் கொதிக்குது. ஒனக்கும் ஒரு டம்ளர் எடுத்து வச்சிக் கும்புடுறோம்." டொக்கண்ணன் அதை ஏழெட்டு முறை திரும்பத் திரும்பக் கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் விடுமுறை. விருந்தாளிகளைச் சும்மா உட்காரவைக்கக் கூடாது என்று, மிஷின் கம்பெனியில் விற்பனை பார்க்கும் ஒரு பெண்ணை எங்களோடு அனுப்பினார்கள். ஊருக்கு வெளியே பழைய பகோடா ஒன்று இருக்கிறது, பார்க்காமல் போகக் கூடாது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். புத்தருக்காகக் கட்டிய அடுக்குக் கோபுரம்.

இரண்டு நாள் விடாமல் பெய்த மழை அன்று காலையில்தான் விட்டிருந்தது. கோபுரம் ஈர மரங்களுக்கு நடுவில், மேகத்துக்குள் குத்திவைத்த பழுப்புப் பென்சில்போல நின்றது. எட்டுப் பட்டை, பதின்மூன்று அடுக்கு. அடியிலிருந்து நுனிவரை மெருகேற்றிச் சுட்ட செங்கல். ஒவ்வொரு செங்கல்லிலும் ஒரு புத்தர், ஒரு பூ, ஒரு பறக்கும் பெண். ஆயிரம் வருடமாக நிற்கிறது, வெள்ளம் பார்த்தது, பூகம்பம் பார்த்தது, குண்டு பார்த்தது என்று அந்தப் பெண் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். எந்த அரசன் கட்டினான், எத்தனை வருடமானது என்றெல்லாம் சொன்னாள். டொக்கண்ணன் அண்ணாந்து பார்த்தபடியே கேட்டார்.

"இவ்வளவு செங்கல்லு. யாரு தட்டிப் பொறுக்குனாங்கன்னு கேளு."

கேட்டேன். அந்தப் பெண் பதறிப்போய்க் கைப்பேசியில் தேடினாள். அரசன் பெயர் இருந்தது, சிற்பி பெயர் இருந்தது. பொறுக்கியவர்கள் பற்றி ஒன்றுமே இல்லை.

"இருக்காது" என்றார் டொக்கண்ணன். "ஹெல்பர்னு போட்டிருப்பான்."

அப்புறம் தடுப்புக் கயிற்றைத் தாண்டி உள்ளே போய், கோபுரத்தைத் தட்டினார்.

டிங். கணீரென்று ஒரு சத்தம். ஆயிரம் வருடம் கழித்தும் அந்தச் செங்கல் தன் பெயரைச் சொன்னது. அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. அடுத்த செங்கல். டிங். பக்கவாட்டில் நகர்ந்து அடுத்தது. சீருடைக் காவலர் ஒருவர் விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தார்.

"பாய், மாஃபி முஷ்கில். சிர்ஃப் சவுண்ட் தேக்தா ஹை" என்றார் டொக்கண்ணன். ஒன்றும் பிரச்சினையில்லை, சத்தம்தான் பார்க்கிறேன் என்று அர்த்தம்.

காவலர் சீனத்தில் ஒரு நிமிடம் கத்தினார். "அச்சா, அச்சா" என்று கேட்டுக்கொண்டு, தட்டுவதை நிறுத்தாமல் நடந்தார் டொக்கண்ணன். அந்தப் பெண் இடையில் புகுந்து ஏதோ சொன்னாள். இந்தியாவிலிருந்து வந்த பெரியவர் என்று சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. காவலரின் குரல் இறங்கியது. புத்தரின் நாட்டிலிருந்து வந்தவர் புத்தரின் கோபுரத்தைத் தொடுவதற்கு விசில் ஊதலாமா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகத்தில் கொஞ்சம் தாமதித்தார். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது.

சிவப்புத் தொப்பி போட்ட சுற்றுலாக் கூட்டம் ஒன்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். இந்தியப் பெரியவர் கோபுரத்தை வலம்வந்து, தட்டித் தட்டிக் காது கொடுக்கிறார். இதில் ஏதோ விசேஷம் இருக்க வேண்டும். முதலில் ஒரு அம்மாள் கயிற்றைத் தாண்டினாள். கண்ணை மூடித் தட்டினாள். பின்னாலேயே முப்பது பேர். ஐந்து நிமிடத்தில் வரிசை கட்டிவிட்டார்கள். ஒரு கிழவர் மட்டும் சந்தேகம் கேட்டார். அந்தப் பெண் அதை எனக்குச் சொல்ல, நான் டொக்கண்ணனுக்குச் சொன்னேன்.

"எத்தன வாட்டி தட்டணும்னு கேக்குறாருண்ணே."

"ரெண்டு போதும்னு சொல்லு. மூணாவது தட்டு சந்தேகம்."

அது சீனத்தில் வரிசை முழுக்கப் பரவி, எல்லாரும் இரண்டு தட்டோடு நிறுத்திக்கொண்டு பயபக்தியோடு நகர்ந்தார்கள். காவலர் விசிலைப் பைக்குள் போட்டுவிட்டு மரத்தடியில் போய் உட்கார்ந்தார்.

நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான், கோபுரத்தின் வடக்குப் பக்கத்தில் டொக்கண்ணன் நின்றுவிட்டதைக் கவனித்தேன். ஒரு செங்கல்லைத் தட்டினார். பக்கத்துச் செங்கல்லைத் தட்டினார். மூன்றாவது தட்டும் தட்டினார்.

"தம்பி, இங்க வா. கேளு."

டொக்.

"விரிசலாண்ணே?"

அவர் தெற்குப் பக்கம் போய்த் தட்டிவிட்டு வந்தார். டிங். திரும்ப வடக்கில். டொக். உள்ளங்கையைச் செங்கல்மேல் விரித்து வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். கையை எடுத்தபோது ரேகைகளில் ஈரம் மின்னியது.

"அதே மண்ணு. அதே சூள. அந்தப் பக்கம் காலையிலேருந்து வெயிலு. இந்தப் பக்கம் ரெண்டு நாள் மழ இன்னும் காயல." மெதுவாகச் சொன்னார். "தம்பி, நம்ம பெட்டி அவங்க கம்பெனியில எங்க கெடந்துச்சு?"

எனக்குத் தெரியும். வெளிமுற்றத்தில், கிழிந்த தார்ப்பாய்க்குக் கீழே. பெட்டியைத் திறந்தபோது மரப்பலகையிலிருந்து தண்ணீர் சொட்டியதை நானே பார்த்தேன்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையே ஒரு தட்டுத்தான். நான் என்ன சத்தம் கொடுத்தேன் என்று எனக்கே கேட்டது.

பக்கத்திலிருந்த கல்பெஞ்சில் உட்கார்ந்தோம். சிவப்புத் தொப்பிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். எல்லாப் படத்துக்கும் சிரித்தார். படத்துக்குப் படம் இடையில் பேசினார்.

"மிஷினு சரியாத்தான் கேட்டிருக்குது. ஈரத்தைக் கேட்டிருக்குது. நாந்தான் தட்டாம வுட்டுட்டன்."

"அண்ணே, நாம ஒண்ணும் பாக்கல. கோபுரம் பாத்தோம், படம் எடுத்தோம், போறோம். ரிப்போர்ட்டு நான் அடிச்சாச்சு."

"நனைஞ்சதுக்கெல்லாம் டொக்குன்னு பேரு வச்சித் தள்ளியிருந்தான்னா, இந்தக் கோபுரம் எங்க தம்பி நிக்கும்?"

"கோபுரம் நிக்கட்டும்ணே. நீங்க நிக்க வேண்டாமா? ரெண்டு வருசம்னு சொன்னீங்கள்ல."

ஒரு பாட்டி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தாள். சிரித்தார். அவள் போனதும் சிரிப்பு போய்விட்டது.

"செல்வம் பாயசம் வச்சான்ல" என்றார். திரும்பும் வழியெல்லாம் வண்டியின் எந்தப் பாகத்தையும் அவர் தட்டவில்லை. அந்த அமைதியைப் பார்த்து, ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை, சோதனை முடிவில் கையெழுத்துப் போட உட்கார்ந்தோம். மேஜையில் தேநீர். டொக்கண்ணன் எழுந்து நின்று, பொறியாளரைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார். "பெட்டி நனைஞ்சி கெடந்துச்சு. ஓட்டக் காயவச்சி மறுபடி ஓட்டுங்க."

பொறியாளர் என்னைப் பார்த்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னேன். "நேற்றுக் கோபுரம் காட்டியதற்கு நன்றி சொல்கிறார். மிகவும் அழகாக இருந்ததாம்."

பொறியாளர் மகிழ்ந்துபோய்த் தலைவணங்கினார்.

அந்தத் தலைவணக்கம் தான் சொன்னதற்குரிய பதில் இல்லை என்று டொக்கண்ணனுக்கு உடனே தெரிந்துவிட்டது. என்னைத் திட்டவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூலையில் அடுக்கியிருந்த, மிஷின் தள்ளிய நல்ல ஓடுகளில் ஒன்றை எடுத்து வந்து பொறியாளர் காதருகே தட்டினார். டொக். அதன்மேல் கொஞ்சம் தேநீரைச் சிந்திக் காட்டினார். மேலே கையைத் தூக்கி, பத்து விரலையும் அசைத்துக் கீழே இறக்கினார். "பானி, பாய். பாரிஷ். பானி." அப்புறம் ஓட்டை மார்போடு அணைத்து ஊதினார்.

பொறியாளருக்குக் கண் விரிந்தது. ஐந்து பேனாவையும் மேஜையில் விட்டுவிட்டு ஓடினார்.

ஆறு மணி நேரம் ஓடுகளை உலர்த்தும் அறையில் வைத்தார்கள். டொக்கண்ணன் அதன் கதவுக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார், பிரசவ அறைக்கு வெளியே உட்காருகிறவரைப்போல. நான் அவர் பக்கத்தில் போகவில்லை.

மாலையில் மிஷின் மறுபடி ஓடியது. இருபத்தொரு ஓட்டைத் தள்ளியது.

ஒன்று கூடுதல். அப்பாடா என்று நினைத்தேன். தோற்றுவிட்டது, ஒன்றில் தோற்றாலும் தோல்விதான். டொக்கண்ணன் அந்த இருபத்தொன்றாவது ஓட்டைத் திருப்பினார். முதுகில் அவருடைய பென்சில் குறி, நல்லது என்று. தட்டினார். எனக்கு டிங் என்றுதான் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தில் தட்டினார். பிறகு மேஜை விளிம்பில் வைத்து இரண்டாக உடைத்தார். உடைந்த இடத்தில், மெருகுக்குக் கீழே, ஒரு தலைமுடி கனத்துக்குக் கறுப்புக் கோடு.

"சரியாத்தான் சொல்லுது" என்றார். "இது எனக்குக் கேக்கல."

பேனாவை வாங்கி, 'முதுநிலை ஒலிப் பரிசோதகர்' என்று நான் அடித்திருந்த இடத்துக்கு மேலே, பாஸ்போர்ட்டில் இருந்த அந்தப் பெயரை எழுதினார். மெதுவாக, எழுத்துக் கூட்டி.

ஊர் திரும்பியதும் அவர் ரூமில் எட்டுப் பேரும் ஒரே நாளில் செவிடாகிவிட்டார்கள். அவர் கேட்டால் பதில் இல்லை. மெஸ்ஸில் அவர் உட்கார்ந்தால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். செல்வம் மட்டும் ஒரே ஒருமுறை வாயைத் திறந்தார்.

"நாங்க எட்டுப் பேரு ஒன்ன நம்பி இங்க ஒக்காந்துருந்தோம். நீ அங்க கோபுரம் சுத்திப் பாத்துட்டு, ஒரு மிஷினுக்கு வக்கீலா நின்னுட்டு வந்துருக்க."

டொக்கண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டார். அதில் பொய் எதுவும் இல்லை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். நான் செய்த பொய் மொழிபெயர்ப்பைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொல்லியிருந்தால் கேம்ப்பில் என்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடியிருப்பார்கள். அதையும் எனக்குத் தரவில்லை மனிதர்.

மூன்று மாதத்தில் மிஷின் வந்து இறங்கியது. ஒன்பது விசா ரத்துப் படிவங்களையும் நான்தான் அடித்தேன். ஒன்பதாவது படிவத்தில் தொழில் என்ற இடத்தில் மறுபடியும் 'ஹெல்பர்'.

வழியனுப்பு விழா என்று ஒன்று வைத்தார்கள். மேனேஜர் உருக்கமாகப் பேசி, டொக்கண்ணனின் முகம் அச்சடித்த ஓடு ஒன்றை நினைவுப்பரிசாகக் கொடுத்தார். எல்லாரும் கைதட்டினோம். கைதட்டல் ஓய்ந்த நேரம் பார்த்து, பழக்க தோஷத்தில், மேடையிலேயே தன் முகத்தைத் தானே இரண்டு தட்டு தட்டினார்.

டொக்.

மைக் பக்கத்தில் இருந்தது. கூடம் முழுக்கக் கேட்டது. யாரோ கழிவுக் குவியலிலிருந்து ஒன்றை எடுத்து அச்சடித்திருக்கிறார்கள். மேனேஜர் கூரையைப் பார்த்தார். டொக்கண்ணன் பரிசைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "பரவால்ல, செவுத்துல மாட்டத்தானே" என்று இறங்கி வந்தார்.

இப்போது விருத்தாசலத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் காவல் இருக்கிறார். சின்ன மகளின் படிப்பு நின்றுவிடவில்லை. மூத்த மருமகன் பொறுப்பேற்றுக்கொண்டு, அதை ஒவ்வொரு சாப்பாட்டு வேளையிலும் ஞாபகப்படுத்துகிறாராம். செல்வம் ஓமான் நாட்டுச் சலாலாவில் ஏதோ ஒரு கம்பெனியில் மூட்டை தூக்குகிறார் என்று கேள்வி. நான் அதே மேஜையில் இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் டொக்கண்ணன் கூப்பிடுவார். என் பிள்ளைகளை விசாரிக்கமாட்டார், உடம்பு எப்படி என்று கேட்கமாட்டார். எடுத்த எடுப்பில், "மிஷினு எப்புடி ஓடுது?" என்பார்.

வந்த நாளிலிருந்து அது ஒருநாள்கூட நின்றதில்லை. ஆனாலும் வாரம் முழுக்க யோசித்து அதற்கு ஒரு நோய் கண்டுபிடித்து வைத்திருப்பேன். மூணாம் சுத்தியல் ரெண்டு தடவ அடிக்குதுண்ணே என்பேன். தூசி ஏறி மைக்கு அடச்சிப்போச்சுண்ணே என்பேன்.

"ஒங்களுக்கெல்லாம் அறிவு இருக்குதா? அத எப்புடி வச்சிக்கணும்னு சொல்லிட்டுத்தான வந்தன்" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் திட்டுவார். நடுநடுவே வைத்தியமும் சொல்லுவார். நான் தாளில் குறித்துக்கொள்வதுபோல "சரிண்ணே, சரிண்ணே" என்றபடி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பேன். திட்டு கொஞ்சம் ஓய்கிறமாதிரி தெரிந்தால், இன்னொரு கோளாறும் இருக்குதுண்ணே என்பேன்.